தூங்கும்போது நாய்க்கு மூத்திரம் கசிகிறது, பொல்பலா கொடுக்கலாமா?

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு ராணி பொட்டை நாய், எட்டு வயது இருக்கும், ஊர் நாயும் அல்சேஷனும் கலந்தது, நிறை 25 கிலோ வரும். சில வருசத்துக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து நாய்களுக்குக் கருத்தடை ஒப்பரேஷன் செய்தபோது ராணிக்கும் செய்தோம், காது ஓரத்தில் வெட்டின அடையாளம் இருக்கிறது. நல்லாத்தான் இருந்தாள். இப்போது கொஞ்ச நாளாக இஸ்தோப்பில் (முன் வராந்தாவில்) படுத்து எழும்பினால் கீழே போட்ட சாக்கு நனைந்து கிடக்கிறது. நடக்கும்போது ஒன்றுமில்லை, வெளியே விட்டால் வழக்கம்போல ஓரமாகப் போய் இருந்துவிட்டு வருகிறாள். தூக்கத்தில்தான் போகிறது. அவளுக்கே தெரியவில்லை போல, எழும்பி ஈரத்தை மோந்து பார்த்துவிட்டு அந்தப் பக்கம் நகர்ந்து படுக்கிறாள்.

மாமியார் வெளியே கட்டச் சொல்கிறார், இந்தப் பனியில் எங்கே கட்டுவது? பக்கத்துக் காம்பராவில் பொல்பலா அவித்துக் கொடு என்கிறார்கள். இன்னொருவர் நெருஞ்சி முள் என்கிறார். டவுனுக்கு நாயை ஏற்றிக்கொண்டு போக ஓட்டோக்காரர்கள் சம்மதிப்பதில்லை, அதனால் நாட்டு மருந்தில் சரிவருமானால் நல்லது. கொடுத்துப் பார்த்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

கசாயப்பிரியன் (பண்டாரவளை)

தங்கச்சி, பயப்படாதே. பொல்பலா என்றால் நம்முடைய சிறுபீளைதான், மூத்திரக் கோளாறு எதற்கும் முதல் மருந்து அது. வேரோடு பிடுங்கி, மண் போகக் கழுவி, ஒரு கைப்பிடி எடுத்து நாலு கப் தண்ணீரில் போட்டு ஒரு கப்பாக வற்றவிடு. நெருஞ்சிலும் சேர்க்கலாம், அது நம் பக்கம் முளைக்காது, நாட்டு மருந்துக் கடையில் காய்ந்தது கிடைக்கும். மூக்கிரட்டை, பார்லித் தண்ணீர், வாழைத்தண்டுச் சாறு எல்லாமே சிறுநீரகத்தைக் கழுவி விடும். என் தாத்தா இதை வைத்தே எத்தனையோ பேருக்குக் கல்லைக் கரைத்திருக்கிறார். மனிதனுக்கு நல்லது நாய்க்கு மட்டும் கெடுதலாகிவிடுமா?

பழைய எல்டிஓ (கொட்டகலை)

கசாயப்பிரியன் ஐயா, நீங்கள் சொன்ன அத்தனையும் நல்ல மூலிகைதான், நானும் பொல்பலா குடிக்கிறவன், கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தராக (எல்டிஓ) இருந்தவன். ஆனால் அவை எதற்கு என்று பாருங்கள். நீர் இறங்காமல் கடுத்தால், எரிந்தால், கல் என்றால் கொடுப்பது. எல்லாமே நீரைப் பெருக்குகிற சாமான். இந்தப் பிள்ளையின் நாய்க்கு நீர் இறங்காத கஷ்டம் இல்லை, நிற்காத கஷ்டம். குழாயில் வாசர் தேய்ந்து சொட்டுகிறது என்று வையுங்கள், தாங்கியில் இன்னும் தண்ணீரை ஏற்றினால் சொட்டு நிற்குமா? ராத்திரி ஒரு கப் கசாயத்தைக் கொடுத்தால் விடியும்போது சாக்கோடு சேர்ந்து கம்பளியும் நனையும், அவ்வளவுதான்.

மகள், நீங்கள் எழுதியதில் முக்கியமான விசயம் மூன்று இருக்கிறது. பொட்டை நாய், கருத்தடை செய்தது, 20 கிலோவுக்கு மேல். படுத்துத் தூங்கும்போது மட்டும் கசிவது நாலாவது. கருப்பையோடு சூலகத்தையும் எடுத்துவிட்டால் ஈஸ்ட்ரஜன் குறையும், மூத்திரக் குழாயை இறுக்கிப் பிடிக்கிற தசை அதனால் தளர்ந்துபோகும். ஒப்பரேஷன் முடிந்த கையோடு தெரியாது, இரண்டு மூன்று வருசம் கழித்து வருவதுதான் அதிகம். கருத்தடை செய்த எல்லாப் பொட்டைக்கும் வருவதில்லை, பெரிய சாதிக்கும் உடம்பு போட்ட நாய்க்கும் கூடுதலாக வரும். இதை வைத்துக்கொண்டு கருத்தடையே கூடாது என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம், லயத்துக்கு லயம் குட்டிகள் பசியில் சாவதைப் பார்த்தவன் நான்.

இது என் ஊகம்தான், தீர்ப்பில்லை. கிருமி, மூத்திரப்பையில் கல், சீனி வியாதி, சிறுநீரகப் பழுது, முதுகெலும்பில் அடி, இதில் எதுவானாலும் கசியும். அதனால் மருந்துக்கு முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள், இரண்டுக்கும் நாயை வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டியதில்லை.

காலையில் அளந்து தண்ணீர் வையுங்கள், மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். வாளி, பீலித் தண்ணீர் எல்லாவற்றையும் அன்றைக்கு மூடிவிட வேண்டும். நாயின் நிறையில் கிலோவுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேலே குடித்தால் அது வேறு வியாதி. ராணிக்கு இரண்டரை லீற்றர்தான் எல்லை, அதற்குக் கிட்ட வந்தாலே டொக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம் வெள்ளனே எழும்பி, முதல் தடவை இருக்கும்போது ஒரு பழைய சூப் கரண்டியைப் பின்னால் நீட்டிப் பிடித்து, சுடுதண்ணீரில் கழுவிக் காயவைத்த ஜாம் போத்தலில் ஊற்றி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் போக முடியாதென்றால் பிரிட்ஜில் வைத்துக் கொண்டுபோகலாம். ஓட்டோக்காரன் போத்தலை ஏற்றமாட்டேன் என்று சொல்லமாட்டான்.

லயத்துச்சிங்கம் (தலவாக்கலை)

பிரிட்ஜில் ஜாம் போத்தல். பெயர் எழுதி ஒட்டுங்க அக்கா, மாமியார் பார்த்துக்கொள்ளட்டும்.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

தம்பி, எங்கள் வீட்டில் பிரிட்ஜே இல்லை, அந்தப் பயம் வேண்டாம்.

எல்டிஓ ஐயா, நன்றி. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்கு முன்னால் செய்துவிட்டுப் போகலாம். தண்ணீர் அளக்கிறது பெரிய வேலையில்லை. ஆனால் ராணி கரண்டியைப் பார்த்து ஓடுகிறாள்.

பழைய எல்டிஓ (கொட்டகலை)

கரண்டி வேண்டாம், பழைய ஐஸ்கிரீம் கப்பின் மூடியைச் சப்பையாகப் பிடித்துக்கொண்டு, கயிற்றில் நடத்திக்கொண்டு போய், குந்தின பிறகு மெதுவாக நீட்டுங்கள். குந்த முன்னாலேயே நீட்டினால் எந்த நாயும் எழும்பிவிடும். இரண்டு தேக்கரண்டி அளவு கிடைத்தாலே சோதனைக்குப் போதும்.

கசாயப்பிரியன் (பண்டாரவளை)

சரி, நீரைப் பெருக்குவது கூடாது என்றால் நீரைக் கட்டுவதும் நம்மிடம் இருக்கிறதே. பாயில் நனைக்கிற பிள்ளைகளுக்கு எள்ளும் வெல்லமும் இடித்து உருண்டை பிடித்துக் கொடுக்கிறோம். அதைக் கொடுத்தால் என்ன? எல்லாவற்றுக்கும் டொக்டர் டொக்டர் என்று ஓடுவதுதான் இப்போதைய பழக்கம். இலைதழைக்குப் பக்க விளைவு கிடையாது.

பேராதனைப்பொண்ணு (கண்டி)

கசாயப்பிரியன் மாமா, கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது. காமரங்காய்ச் சாற்றை வெறும் வயிற்றில் குடித்துச் சிறுநீரகம் பழுதானவர்கள் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கே வந்திருக்கிறார்கள், அதுவும் மரத்தில் காய்க்கிற காய்தான். ஆனால் எள்ளு விசயத்தில் நீங்கள் சும்மா சொல்லவில்லை. எள்ளிலும் சோயாவிலும் ஈஸ்ட்ரஜனைப் போல மெலிதாக வேலை செய்கிற பொருட்கள் இருக்கின்றன. வெளிநாட்டில் இந்தக் கசிவுக்கென்றே விற்கிற மூலிகை மாத்திரைகளின் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் பூசணி விதை, சோயா, சோளக்கதிர் முடி, சோ பல்மெட்டோ என்கிற பனை வகைப் பழம் என்று வரிசையாக இருக்கும். சில நாய்களுக்கு ஈரம் குறைந்ததாகச் சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த ஆதாரம் என்று கேட்டால் கையில் வைத்துக் காட்ட ஒன்றும் இல்லாத மாதிரிதான், டொக்டர் எழுதுகிற மாத்திரைக்கு இருக்கிற ஆதாரத்துக்குப் பக்கத்தில் நிற்காது.

அதனால் நான் இப்படிச் சொல்வேன். பூசணி விதையைப் பச்சையாகக் காயவைத்து, உப்புப் போடாமல் வறுத்து, பொடியாக அரைத்து ஒரு தேக்கரண்டி சோற்றில் கலந்தால் 25 கிலோ நாய்க்குக் கெடுதல் வராது. எள்ளும் ஒரு சிட்டிகை பரவாயில்லை, வெல்லம் வேண்டாம், கொழுப்பும் இனிப்பும் ஏறி நாய் இன்னும் ஊதினால் கசிவு கூடும். சோள முடி மூத்திரப்பைப் புண்ணை ஆற்றும் என்று கொடுப்பார்கள், ஆனால் அதுவும் கொஞ்சம் நீர் பெருக்கும், ஆகவே பகலில் மட்டும். இதெல்லாம் சாப்பாட்டோடு போகிற துணை. இதை நம்பி சோதனையைத் தள்ளிப்போட்டால்தான் ஆபத்து.

மருந்து என்றால் இரண்டு இருக்கிறது. ஒன்று பினைல்புரோப்பனோலமைன், மூத்திரக் குழாய்த் தசையை இறுக்குவது, தினமும் இரண்டு மூன்று வேளை கொடுக்க வேண்டும், பெரும்பாலான பொட்டை நாய்களுக்கு நன்றாகக் கேட்கும். இரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் இருதயம், சிறுநீரகம் பார்த்துத்தான் எழுதுவார்கள். மற்றது எஸ்ட்ரியோல், நிறை எவ்வளவாக இருந்தாலும் தினம் 2 மில்லிகிராமில் தொடங்கி, கசிவு நின்றதும் எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பார்கள். இரண்டும் நோயை வேரோடு பிடுங்குவதில்லை, கொடுக்கும் வரைக்கும் பிடித்து வைக்கும். தடிமன் மாத்திரையில் இதே மருந்து இருக்கிறது என்று எங்கேயாவது பழைய பக்கத்தில் வாசித்துவிட்டுப் பாமசியில் வாங்க வேண்டாம். அமெரிக்காவில் மனிதர் மாத்திரைகளிலிருந்து அதை 2000இலேயே எடுக்கச் சொல்லிவிட்டார்கள், மூளையில் இரத்தக் கசிவு வந்ததால். இப்போதைய தடிமன் மாத்திரைகளில் பரசிட்டமோலும் கஃபீனும் சேர்ந்திருக்கும், நாய்க்கு இரண்டும் கூடாது.

மூணாம்நம்பர்மலை (பொகவந்தலாவை)

ஈஸ்ட்ரஜன் குறைந்ததுதான் காரணம் என்றால் வீட்டில் பெண்கள் போடுகிற குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரையில் அது இருக்கிறதே, அதில் கால்வாசி கொடுத்தால்?

பேராதனைப்பொண்ணு (கண்டி)

ஐயோ, வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது வேறு வகை, பல மடங்கு காரமானது. நாய்களின் எலும்புக்குள் இரத்தம் ஊறுகிற என்பு மச்சை ஈஸ்ட்ரஜனுக்கு மிகவும் பலவீனமானது, அளவு மிஞ்சினால் இரத்தம் ஊறுவதே நின்றுபோகும். பல் முரசு வெளுத்து, உடம்பில் சிவப்புப் புள்ளி விழுந்து வரும் நாயைத் திருப்பி எடுப்பது லேசில்லை. கால்வாசி, அரைவாசி எதுவும் கணக்கில்லை.

பழைய எல்டிஓ (கொட்டகலை)

அதே மாதிரி சின்ன வெங்காயச் சாறும் வேண்டாம், இங்கே யாரும் சொல்லும் முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். நீர்க்கடுப்புக்கு மனிதர் குடிப்பார்கள், நாய்க்கு வெங்காயம், பூண்டு எல்லாமே சிவப்பணுவை உடைக்கும்.

இன்னொன்று, பொல்பலாவோ மூக்கிரட்டையோ எதுவானாலும் தேயிலை மலையில் பிடுங்காதீர்கள். கிளைபோசேட் என்கிற புல்லுக்கு அடிக்கிற மருந்தை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் திறந்துவிட்டார்கள், அதற்குப் பிறகு யார் எங்கே எதை அடிக்கிறார்கள் என்று கொழுந்தெடுக்கிறவர்களுக்கே தெரிவதில்லை. புல் பச்சையாக நிற்கிறது என்றால் அடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, நேற்று அடித்தது இன்றைக்கும் பச்சையாகத்தான் நிற்கும்.

ஊவாக்காற்று (பதுளை)

நான் இதை வாசித்துக்கொண்டே இருந்தேன், ஒரு விசயம் விட்டுப்போகிறது. எங்கள் பக்கத்து வீட்டு நாயும் படுத்த இடத்தில் நனைக்கிறது என்றுதான் முதலில் சொன்னார்கள். அதற்கு ஒப்பரேஷன் செய்யவில்லை, குட்டி போடாமலிருக்க ஊசிதான் போட்டு வந்தார்கள். பார்த்தால் வாளி வாளியாகத் தண்ணீர் குடிக்கிறது, சாப்பாடு வேண்டாம் என்கிறது, பின்பக்கம் ஒட்டியிருப்பது மூத்திரமே இல்லை, சளி மாதிரி சீழ். அவர்கள் அதற்கும் பார்லித் தண்ணீர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கருப்பையில் சீழ் கட்டியிருந்தது, அன்றைக்கே ஒப்பரேஷன் செய்ததில் தப்பியது. அந்த ஊசி போட்ட நாய்களுக்கு இது கூடுதலாக வரும் என்று டொக்டர் சொன்னார். கருப்பை இருக்கிற நாய் நிறையத் தண்ணீர் குடித்தால், கசிந்தால் கசாயம் வைத்து நாளைக் கடத்தக்கூடாது.

ராணிக்குக் கருப்பை எடுத்தாயிற்று, அதனால் கொழுந்துக்கூடைத் தங்கச்சி இதை நினைத்துப் பயப்படத் தேவையில்லை. மற்றவர்களுக்காக எழுதினேன்.

லயத்துச்சிங்கம் (தலவாக்கலை)

எங்கள் கடுவன் நாய் நேற்றிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான், முக்குகிறான், துளித் துளியாகத்தான் வருகிறது, கொஞ்சம் இரத்தமும் தெரிந்தது. அவனுக்கு இந்தப் பொல்பலா சரிதானே? நீர் இறங்காததற்குத்தானே அது?

பழைய எல்டிஓ (கொட்டகலை)

தம்பி, நீங்கள் சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள், ஆனால் இது மூலிகைக்கு நிற்காது. கடுவன் நாய்க்குக் குழாய் ஒடுக்கம், கல் ஒன்று இறங்கிச் சிக்கினால் முழுதாக அடைத்துவிடும். அடைத்த பிறகு நீர் பெருக்கியைக் கொடுத்தால் பை வீங்கி வெடிக்கும் அளவுக்குப் போகும். இதை வாசித்து முடித்ததும் எழும்பி நாயைத் தூக்குங்கள். அரச அலுவலகம் பூட்டியிருந்தால் தனியார் டொக்டர் யாராவது, அதுவும் இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விலங்கு வைத்தியசாலை. நாளைக்குக் காலை என்று வைக்க வேண்டாம்.

லயத்துச்சிங்கம் (தலவாக்கலை)

கிளம்பிவிட்டோம் ஐயா. மாமாவின் வேன் கிடைத்தது.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

லயத்துச்சிங்கம் தம்பி, போய்ச் சேர்ந்ததும் எழுதுங்கள்.

ராணி சமாச்சாரம். தண்ணீர் அளந்தேன், ஒரு லீற்றரும் கொஞ்சமும்தான் குடிக்கிறாள். போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், டொக்டர் கம்பி மாதிரி ஒரு காகிதத்தைத் தோய்த்துப் பார்த்தார், சீனி இல்லை, ஆனால் கிருமி இருக்கும் போல என்று அன்டிபயோட்டிக் தந்தார், முழுதாக முடிக்கச் சொன்னார். ஈரத்தில் இருந்த கெட்ட வாடை போய்விட்டது. கசிவு குறைந்தது, நிற்கவில்லை. மறுபடி கொண்டுபோன போத்தலில் கிருமி இல்லையாம், அதனால் எல்டிஓ ஐயா சொன்ன அதே தசைத் தளர்வுதான் என்கிறார். கண்டியிலிருந்து மாத்திரை எடுப்பித்துத் தருவதாகச் சொன்னார், அதுவரை பூசணி விதை கொடுத்துக்கொண்டிருக்கிறேன், ஆசையாகத்தான் தின்கிறாள்.

இப்போது கேள்வி வேறு. தொடையின் உள்பக்கம் சிவந்து மயிர் உதிர்கிறது, நக்கிக்கொண்டே இருக்கிறாள். மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசச் சொல்கிறார்.

பழைய எல்டிஓ (கொட்டகலை)

மூத்திரம் சுட்ட புண் அது. மாமியார் சொன்னதில் தப்பில்லை, ஆனால் நக்கி எடுத்துவிடுவாள், வேப்பிலை வயிற்றுக்குள் போகும், அரைத்த சக்கை மயிரில் காய்ந்து ஈரத்தைப் பிடித்தும் வைக்கும். முதலில் அந்த இடத்து மயிரைக் கத்தரியால் கட்டையாக வெட்டுங்கள். கொதித்து ஆறின தண்ணீர் அரை லீற்றரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புப் போட்டு, வெதுவெதுப்பாகக் காலையும் ராத்திரியும் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு வசிலின் மெல்லிசாக. ஈரமாகவே விட்டால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும், நம் பக்கம் மழைக்காலத்தில் அது ஒரே நாளில் நடக்கும்.

படுக்கைக்கு உரச்சாக்கு வேண்டாம். நைலோன் சாக்கு ஈரத்தை உறிஞ்சாது, அவள் அதிலேயே ஊறிக் கிடப்பாள். கீழே பலகையோ கல்லில் தூக்கின தட்டியோ போட்டு, அதன்மேல் பழைய சாரம் இரண்டு மூன்று மடிப்பாகப் போட்டு மாற்றிக்கொண்டே இருங்கள். படுக்க முன்னால் ஒரு தடவை கட்டாயம் வெளியே விடுங்கள், ராத்திரிச் சாப்பாட்டை வெள்ளனே கொடுங்கள். கசிகிறதென்று தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள், மூத்திரம் தடித்தால் கிருமி மறுபடி வரும்.

ஊவாக்காற்று (பதுளை)

துணி துவைக்கும்போது கையுறை போடுங்க தங்கச்சி, இல்லையென்றால் ஷொப்பிங் பையையாவது கையில் கட்டிக்கொள்ளுங்க. எலிக்காய்ச்சல் நாய் மூத்திரத்திலும் வரும். கையில் கொழுந்து கீறின வெட்டு எப்படியும் இருக்கும், அது வழியாகத்தான் கிருமி உள்ளே போகும். பிள்ளைகளை வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நடக்க விடாதீங்க. இஸ்தோப்பை முதலில் சவர்க்காரத் தண்ணீரால் கழுவிவிட்டு அப்புறம் பிளீச்சிங் பவுடர். மூத்திரத்தின் மேலேயே பிளீச்சிங் போட்டால் கண்ணையும் மூக்கையும் எரிக்கிற காற்று கிளம்பும்.

லயத்துச்சிங்கம் (தலவாக்கலை)

கல்தான். குழாய் வைத்து எடுத்துவிட்டார்கள், பையில் இன்னும் இருக்கிறதாம், ஒப்பரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் அரை நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். எல்டிஓ ஐயாவுக்குக் கோடி நன்றி.

கசாயப்பிரியன் (பண்டாரவளை)

தம்பி, நல்ல காலம். ஒப்பரேஷன் முடிந்து, டொக்டர் சரி என்றால், அப்போது பொல்பலா கொடுக்கலாமா என்று அவரிடமே கேள். இது என் மூலிகைக்கு உரிய இடம்தானே எல்டிஓ?

பழைய எல்டிஓ (கொட்டகலை)

உரிய இடம்தான் ஐயா. ஆனால் எடுத்த கல் என்ன கல் என்று பார்த்த பிறகு. ஒரு வகைக் கல் கிருமியால் வருவது, இன்னொரு வகை ஒட்சலேட்டு, சாப்பாடும் மருந்தும் இரண்டுக்கும் வேறு வேறு. கல்லைத் தூக்கிப் போடாமல் சோதனைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள் தம்பி.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா)

மாத்திரை வந்துவிட்டது, தொடங்கியாயிற்று. இந்தக் கிழமையில் சாரம் பெரும்பாலும் காய்ந்துதான் இருந்தது. ஆனால் ராத்திரியில் தூங்காமல் அங்குமிங்கும் நடக்கிறாள், சோறும் பாதிதான் தின்கிறாள். பூசணி விதையை நிறுத்தவா, மாத்திரையை நிறுத்தவா?

பேராதனைப்பொண்ணு (கண்டி)

அக்கா, பூசணி விதை அப்படிச் செய்யாது. அந்தரப்படுவதும் பசி குறைவதும் பினைல்புரோப்பனோலமைனின் வழக்கமான பக்க விளைவு. நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம், டொக்டருக்கு ஒரு கோல் எடுத்து இதே வார்த்தையில் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார் அல்லது வேளையை மாற்றுவார். இரத்த அழுத்தமும் ஒரு தடவை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரட்டையாகக் கொடுக்கக்கூடாது.